களிச் சட்டியும் பட்டுக்கூடும்: உயிரி மூலக்கூறுகளுக்கு ஒரு அறிமுகம்

பதினொன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளைகள் உயிரி மூலக்கூறுகள் (உயிருள்ளவற்றின் உடலில் இருக்கும் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, டிஎன்ஏ போன்ற பொருட்கள்) பாடத்தைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது அறுகோணப் படங்கள். ஆறு மூலை, மூலைக்கு ஒரு எழுத்து, நடுவில் கோடுகள். பாலக்கோடு பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் அறிவியல் சொல்லித்தருகிறேன். வருஷா வருஷம் இந்தப் பாடத்தில்தான் அவர்கள் முகம் வாடும். படத்தை மனப்பாடம் செய்துவிடுவார்கள். அந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

அது காலையில் சாப்பிட்ட களியில் இருக்கிறது. திண்ணையில் காயும் நிலக்கடலையில், புழு மனையில் இருந்து வரும் பட்டுக்கூட்டில் இருக்கிறது. அதனால் நான் வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் கை, அப்புறம் கண், கடைசியில்தான் புத்தகம். அந்த வரிசையை அப்படியே இங்கே எழுதுகிறேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். சின்னப் பிள்ளைகள் செய்தால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

முதல்நாளே எடுத்து வைக்க வேண்டியவை: மருந்துக்கடையில் புண்ணுக்குத் தரும் பழுப்பு நிற பெட்டாடின் கரைசல் (களிம்பு வேண்டாம்), ஒரு சின்ன பாட்டில் சர்ஜிக்கல் ஸ்பிரிட், ஷாம்பு இரண்டு பாக்கெட், கேழ்வரகு மாவு, முளைகட்டி வெயிலில் காயவைத்து அரைத்த கேழ்வரகு மாவு, ஒரு முட்டை, கனிந்த வாழைப்பழம், கொஞ்சம் பஞ்சு, நிலக்கடலை. மாம்பழக் காலமாக இருந்தால் பெங்களூரா மாங்காய் ஒன்றும், பழம் ஒன்றும். பட்டுப்புழு வளர்ப்பவர் தெரிந்தவராக இருந்தால் கறை பட்டு ஒதுக்கிய கூடு இரண்டு கேட்டு வாங்குங்கள். ஸ்பிரிட் பாட்டிலை ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.

படி 1: பூ எது, கட்டு எது?

பூக்கடையில் கூறு கட்டிக் குவித்திருக்கும் சாமந்தியைப் பாருங்கள். அதே பூவை நெருக்கிக் கட்டினால் சாமிக்கு மாலை, இடைவெளி விட்டுக் கட்டினால் வாசலுக்குத் தோரணம். பூ மாறவில்லை, கட்டுதான் மாறுகிறது. உயிரி மூலக்கூறுகளில் பாதிக்கு மேல் புரிய இந்த ஒன்று போதும்.

கார்போஹைட்ரேட்டில் பூ என்பது குளுக்கோஸ் போன்ற சர்க்கரை. புரதத்தில் அமினோ அமிலம். 20 வகைப் பூக்கள். டிஎன்ஏ போன்ற நியூக்ளிக் அமிலங்களில் நியூக்ளியோடைடு, நாலே வகை. கொழுப்பு மட்டும் இந்தச் சரக்கணக்கில் சேராது, அதைப் பிறகு பார்ப்போம். இவை எல்லாவற்றிலும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் உண்டு. புரதத்தில் கூடவே நைட்ரஜனும் கொஞ்சம் கந்தகமும். நியூக்ளிக் அமிலத்தில் நைட்ரஜனும் பாஸ்பரஸும்.

இரண்டு பூவை இணைக்கும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். அவிழ்க்க வேண்டுமானால் ஒரு நீர் மூலக்கூறு உள்ளே நுழைய வேண்டும். புத்தகத்தில் நீராற்பகுப்பு என்று வரும். நம் வயிற்றில் நடக்கும் செரிமானத்தில் பெரும்பகுதி இதுதான்.

1828 வரை, உயிருள்ளவற்றின் பொருட்களை உயிர்தான் செய்ய முடியும், அதற்குத் தனி உயிர்ச்சக்தி வேண்டும் என்ற எண்ணம் வலுவாக இருந்தது. அந்த ஆண்டு ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக் வோலர், சிறுநீரில் இருக்கும் யூரியாவை உயிரின் துணை இல்லாமல் ஆய்வகத்திலேயே செய்து காட்டினார். அணு அதே அணுதான். உயிருக்கென்று தனிச் சரக்கு கிடையாது.

ஆக, எந்தப் பொருளை எடுத்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். பூ எது? எப்படிக் கட்டியிருக்கிறது? எது அவிழ்க்கும்? இனி வரும் எல்லாப் படிகளிலும் இதே மூன்றுதான்.

படி 2: அயோடின் ஒரு சொட்டு

பெட்டாடினில் இருப்பது அயோடின்தான். அதில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். வெளிறிய டீ நிறம் வரும். வெள்ளைத் தட்டில் வரிசையாக வையுங்கள்: பெங்களூரா மாங்காய்த் துண்டு, நன்றாகப் பழுத்த பழத்தின் துண்டு, மரவள்ளிக் கிழங்கு, ஜவ்வரிசி, சர்க்கரை, பஞ்சு. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விடுங்கள்.

மரவள்ளியும் ஜவ்வரிசியும் உடனே கருநீலம் ஆகும். அது மாவுச்சத்து, அதாவது ஸ்டார்ச். தர்மபுரி, சேலம் பக்கத்து ஆலைகளுக்கு மரவள்ளி மூட்டை மூட்டையாகப் போவது இதற்காகத்தான். சர்க்கரை நிறம் மாறாது. முற்றிய மாங்காய் கறுக்கும். பழம் பெரும்பாலும் டீ நிறத்திலேயே நிற்கும்.

இந்த மாங்காய், பழம் இரண்டையும் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். கிருஷ்ணகிரியில் மாந்தோப்பு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்குக்கூட இது தெரிவதில்லை. இலை வெயிலில் சர்க்கரை செய்கிறது. மரம் அதைக் காய்க்கு அனுப்பி மாவுச்சத்தாகக் கட்டி வைக்கிறது. பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயு சைகை கொடுக்க, நொதிகள் (உயிர்களில் வேதி வேலைகளை வேகமாக நடத்தும் என்சைம்கள்) அந்தக் கட்டை அவிழ்த்துச் சர்க்கரை ஆக்குகின்றன. செல்களை ஒட்ட வைத்திருக்கும் பெக்டினும் தளர்வதால் பழம் கொழகொழப்பாகிறது. வைக்கோல் போட்ட அறையில் நடப்பது இவ்வளவும்தான்.

பஞ்சைப் பாருங்கள். கறுக்கவில்லை. ஆனால் பஞ்சும் முழுக்க முழுக்க குளுக்கோஸ்தான்! பூ அதே பூ. ஸ்டார்ச்சில் குளுக்கோஸ் சரம் சுருள் கம்பி போல வளைந்து நிற்கிறது. அந்தச் சுருளின் உள்ளே அயோடின் போய் உட்கார்ந்துகொள்வதால்தான் நீலம் வருகிறது. பஞ்சில் இருப்பது செல்லுலோஸ். அதில் ஒவ்வொரு குளுக்கோஸும் முந்தியதற்குத் தலைகீழாகத் திரும்பிக் கோக்கப்பட்டிருக்கிறது. அதனால் சரம் நேராக ஓடுகிறது. நேரான சரங்கள் பக்கம் பக்கமாக ஒட்டி நாராகின்றன. அயோடின் உட்கார அங்கே சுருள் இல்லை.

இந்த ஒரு திருப்பத்தால், கேழ்வரகு நமக்குச் சாப்பாடு, கேழ்வரகுத் தாள் மாட்டுக்குச் சாப்பாடு. நம் உடலில் ஸ்டார்ச்சை அவிழ்க்கும் நொதி உண்டு, செல்லுலோஸை அவிழ்ப்பது இல்லை. மாட்டுக்கும் சொந்தமாக இல்லை. அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள் அந்த வேலையைச் செய்து தருகின்றன. மாடு அசைபோடுவது அவற்றுக்கு உதவியாகத்தான்.

மரவள்ளி பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பச்சைத் தழையைத் தின்ற ஆடுமாடு செத்துப்போவதை நம் ஊரில் பார்த்திருப்பீர்கள். அதில் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. ஒரு குளுக்கோஸோடு சயனைடு தரும் பகுதி ஒன்று கட்டப்பட்டிருக்கும். கட்டியிருக்கும் வரை சும்மா கிடக்கும். இலை கசங்கினால் வேறு அறையில் இருந்த நொதி வந்து கட்டை அவிழ்க்கும், ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படும். செடி தன்னைக் காத்துக்கொள்ளும் வழி அது.

படி 3: கஞ்சியை இளக்கும் நொதி

எல்லாச் சோதனைகளிலும் எனக்குப் பிடித்தது இதுதான். செலவே கிடையாது.

ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு ஸ்பூன் சாதா கேழ்வரகு மாவைக் கரைத்துக் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சுங்கள். இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றுங்கள். கொதி அடங்கி, டம்ளரைக் கையில் பிடிக்க முடிகிற சூடு வரட்டும். இப்போது ஒன்றில் ஒரு ஸ்பூன் முளைகட்டிய மாவு, மற்றொன்றில் ஒரு ஸ்பூன் சாதா மாவு போட்டுக் கலக்குங்கள். பத்து நிமிஷம் பொறுங்கள்.

முளை மாவு போட்டது தண்ணீராக இளகும். ஸ்பூனைத் தூக்கினால் ஒழுகி ஓடும். மற்றது அப்படியே கொழகொழவென்று நிற்கும். இரண்டாவது டம்ளர் எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். அது இல்லாவிட்டால், ஆறியதாலோ கலக்கியதாலோ இளகியது என்று ஒருவர் சொன்னால் நம்மிடம் பதில் இருக்காது.

கேழ்வரகு முளைக்கும்போது, உள்ளே சேமித்த ஸ்டார்ச்சை எடுத்துப் பயன்படுத்த அமைலேஸ் என்ற நொதியைத் தயார் செய்கிறது. அந்த நொதி உங்கள் கஞ்சியிலும் வேலை செய்கிறது: நீண்ட சரங்களைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. சரம் நீளமாக இருந்தால்தானே ஒன்றோடொன்று சிக்கிக் கெட்டியாகும். குழந்தைக்கு முளைமாவுக் கஞ்சி கொடுக்கச் சொல்வதற்கும் இதுவே ஒரு காரணம். அதிக மாவு சேர்த்தாலும் கஞ்சி இளக்கமாக இருக்கும், குழந்தைக்கு விழுங்க எளிது. கொடுப்பதானால் மறுபடி ஒரு கொதி விட்டு ஆறவைத்துக் கொடுங்கள்.

இதே சோதனையைக் கொதிக்கிற கஞ்சியில் முளைமாவைப் போட்டுச் செய்து பாருங்கள். சரியாக இளகாது. நன்றாக வறுத்த முளைமாவிலும் இளகாது. ஏன் என்பதற்கு அடுத்த படியில் பதில் இருக்கிறது.

உங்கள் எச்சிலிலும் அமைலேஸ் உண்டு. களியை மெல்லக் கூடாது, உருட்டிக் குழம்பில் தோய்த்து முழுங்க வேண்டும் என்றுதான் நம் பெரியவர்கள் சொல்லித்தந்தார்கள். இன்றைக்கு மட்டும் குழம்பு இல்லாமல் ஒரு துண்டு களியை வாயில் போட்டு இரண்டு நிமிஷம் மெல்லுங்கள். மெல்லிய இனிப்பு ஒன்று நாக்கில் எட்டிப் பார்க்கும்.

படி 4: முடியும் பட்டும் ஒரே வாசனை

முட்டையின் வெள்ளைக் கருவைச் சூடான தோசைக்கல்லில் விடுங்கள். கண்ணாடி போல இருந்தது வெளுத்து இறுகும். பழையபடி ஆக்க முடியாது. அமினோ அமிலச் சரம் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வடிவத்தில் மடிந்து கிடந்தது. சூடு பட்டதும் மடிப்பு குலைந்து, சரங்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. சரம் அறுபடவில்லை, வடிவம்தான் போயிற்று. அதோடு வேலையும் போயிற்று. நொதிகளில் ஏறக்குறைய எல்லாமே புரதம் என்பதால், கொதிக்கிற கஞ்சியில் அமைலேஸுக்கு நேர்ந்ததும் இதேதான். நொதி புரதம் என்பதே 1926ல்தான் உறுதியாகத் தெரிய ஆரம்பித்தது. அமெரிக்காவின் ஜேம்ஸ் சம்னர் நம் வாளவரைக்கு நெருங்கிய இனமான ஒரு அவரையில் இருந்து யூரியேஸ் நொதியைப் படிகமாகப் பிரித்துக் காட்டினார். பல ஆண்டுகள் பலர் நம்பவில்லை. 1946ல் நோபல் பரிசு வந்தது.

இனி பட்டுக்கூடு. பாத்திரத்தில் தண்ணீர் கொதித்ததும் கூட்டைப் போட்டுக் குச்சியால் அழுத்தி அழுத்திக் கிளறுங்கள். கொஞ்ச நேரத்தில் கூடு மெத்தென்று ஆகும், தண்ணீரில் லேசான வழவழப்பு தெரியும். குச்சியில் நூல் முனை ஒட்டிக்கொண்டு வரும். மெதுவாக இழுத்துச் சுற்றுங்கள். வரும், வந்துகொண்டே இருக்கும். நல்ல கூட்டில் ஒரே இழை ஒரு கிலோமீட்டர் வரைகூடப் போகும்.

வழவழப்பாகத் தண்ணீரில் கரைந்தது செரிசின், இழையாக நின்றது ஃபைப்ராயின். இரண்டும் புரதம்தான். ஒன்று பசை, ஒன்று நார். ஃபைப்ராயினில் கிளைசின், அலனின் என்ற இரண்டு சின்ன அமினோ அமிலங்கள் மாறி மாறி வருகின்றன, இடையிடையே செரின். பூ சின்னது என்பதால் சரங்கள் மிக நெருக்கமாக அடுக்கிக்கொள்ள முடிகிறது. பட்டின் உறுதி அங்கிருந்து வருகிறது. ஐந்தாம் பருவத்துப் புழு இலை தின்னும்போது மனைக்குள் நின்றால் ஓலைக்கூரையில் தூறல் விழுகிற சத்தம் கேட்கும். அத்தனை மல்பெரி இலையின் புரதமும் புழுவுக்குள் அவிழ்ந்து, பூ பூவாகப் பிரிந்து, வேறு விதமாகக் கட்டப்பட்டு, தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் எடை போடப்படுகிறது.

அந்த நூலில் ஒரு துண்டு, உதிர்ந்த தலைமுடி ஒன்று, பருத்தி நூல் ஒன்று. இடுக்கியில் பிடித்துத் தனித்தனியாகத் தீயில் காட்டி முகர்ந்து பாருங்கள். பட்டும் முடியும் ஒரே மாதிரி நாறும், சுருண்டு கரும் மணியாகும். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். புரதத்தையும் செல்லுலோஸையும் மூக்காலேயே பிரித்துவிட்டீர்கள்.

பள்ளி ஆய்வகத்தில் மயில்துத்தம் போட்டு ஊதா நிறம் பார்க்கும் பையூரெட் சோதனை செய்வார்கள். மயில்துத்தம் நஞ்சு, கூடவே சேர்க்கும் காரமும் தோலைப் புண்ணாக்கும். அது ஆய்வகத்திலேயே இருக்கட்டும்.

புரதத்தின் வேலைகளைப் பட்டியல் போட்டால் முடியாது. ரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்கும் ஹீமோகுளோபின், சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் எல்லாம் புரதம். இன்சுலின் 51 அமினோ அமிலம், ஹீமோகுளோபின் 574. ஒன்று மட்டும் விளக்கமாகச் சொல்கிறேன். கேழ்வரகில் கால்சியம் அதிகம், 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம். கால்சியம் ஒரு தாது, உயிரி மூலக்கூறு அல்ல. இந்த இடத்தில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். எலும்பில் அந்தக் கால்சியம் போய்ப் படிவது கொலாஜன் என்ற புரதச் சட்டத்தின் மேல். கொலாஜன், மூன்று சரத்தை முறுக்கிய முப்புரிக் கயிறு. அதைக் கண்டு சொன்னவர் ஜி.என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, 1954ல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு. எந்தப் புரதச் சரம் எந்தக் கோணத்தில் மடங்க முடியும் என்று அவர் குழு 1963ல் வெளியிட்ட வரைபடத்தை உலகம் முழுக்க இன்றும் ராமச்சந்திரன் வரைபடம் என்றே சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

படி 5: கொழுப்பு

நிலக்கடலையைக் காகிதத்தில் வைத்து நசுக்குங்கள். பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர். வெயிலில் காயவிட்டு விளக்குக்கு நேரே பிடியுங்கள். தண்ணீர்க் கறை மறைந்திருக்கும், எண்ணெய்க் கறை ஒளி விடும். அவ்வளவுதான் சோதனை.

கொழுப்பில் நீண்ட சரம் இல்லை. கிளிசரால் என்ற ஒரு காம்பில் மூன்று கொழுப்பு அமில வால்கள். வால் நேராக இருந்தால் நெருங்கி அடுக்கிச் சீக்கிரம் உறையும், நடுவில் வளைந்திருந்தால் உறையாது. மார்கழியில் ஓசூர்ப் பக்கம் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கட்டியாவதும், பக்கத்திலேயே கடலை எண்ணெய் இளகி நிற்பதும் இதனால்தான். ஒரு கிராம் எரிந்தால் 9 கிலோகலோரி. மாவுச்சத்தோ புரதமோ 4தான் தரும்.

மூன்று வாலில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பாஸ்பேட் தலையைப் பொருத்தினால் பாஸ்போலிப்பிடு. தலை தண்ணீரைத் தேடும், வால் தண்ணீரை விட்டு ஓடும். இரண்டு அடுக்காக, வாலோடு வால் சேர்த்து நின்றால் அதுவே செல்லின் சவ்வு. எண்ணெய்ப் பிசுக்கைக் கழற்றும் ஷாம்பு இந்தச் சவ்வையும் கழற்றிவிடும். அடுத்த படிக்கு அதுதான் சாவி.

படி 6: வாழைப்பழத்தில் இருந்து டிஎன்ஏ

அடுப்பை அணையுங்கள். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும்.

பாதி வாழைப்பழத்தைக் கவரில் போட்டுக் கையால் பிசையுங்கள். அரை டம்ளர் தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பும் இரண்டு ஸ்பூன் ஷாம்புவும் நுரை வராமல் கலக்கிப் பழத்தோடு சேருங்கள். பத்து நிமிஷம் கழித்து வேட்டித் துணியில் வடிகட்டி ஒரு கண்ணாடி டம்ளரில் எடுங்கள். டம்ளரைச் சாய்த்து, ஃப்ரீசரில் இருந்த ஸ்பிரிட்டை அதே அளவு, ஓரமாக வழியவிட்டு ஊற்றுங்கள். இரண்டும் கலந்துவிடாமல் அடுக்காக நிற்க வேண்டும். ஆட்டாமல் காத்திருங்கள். இரண்டு அடுக்கும் சேரும் இடத்தில் வெண்மையாக நூல் நூலாக ஏதோ எழும்பும். ஈர்க்குச்சியை நுழைத்து மெதுவாகச் சுற்றினால் ஒட்டிக்கொண்டு வரும்.

முதல் தடவை நான் பழத்தை மிக்ஸியில் அடித்துவிட்டேன். நுரைதான் வந்தது, நூல் வரவில்லை. டிஎன்ஏ அவ்வளவு நீளமானது, வேகமாக அடித்தால் அறுந்துபோகும். அதிலிருந்து கைதான். ஸ்பிரிட் சில்லென்று இல்லாவிட்டாலும் சரியாக வராது.

ஷாம்பு சவ்வைக் கரைத்தது. டிஎன்ஏ சரத்தின் பாஸ்பேட்டுகளில் இருக்கும் எதிர்மின்னூட்டத்தை உப்பு தணித்தது, அதனால் சரங்கள் ஒன்றாகக் கூடின. ஸ்பிரிட்டில் டிஎன்ஏ கரையாது, அதனால் வெளியே வந்தது. குச்சியில் இருப்பது சுத்தமான டிஎன்ஏ அல்ல, பெக்டினும் புரதமும் கலந்ததுதான். பிள்ளைகளிடம் அதையும் சொல்லிவிடுங்கள். 1869ல் ஃப்ரீட்ரிக் மீஷர் இதை முதன்முதலில் பிரித்தது மருத்துவமனைக் கட்டுத்துணியில் இருந்த சீழில் இருந்து. அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது தெரிய 1953 ஆயிற்று. வாட்சனும் கிரிக்கும் இரட்டைச் சுருளைச் சொன்னார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் ஆய்வகத்தில் எடுத்த எக்ஸ்ரே படம் இல்லாமல் அது நடந்திருக்காது.

டிஎன்ஏவில் ஏ, டி, ஜி, சி என்று நாலு எழுத்து. மூன்றெழுத்து சேர்ந்தால் ஒரு அமினோ அமிலத்துக்கு உத்தரவு. ஜிஜி என்று தொடங்கினால் கிளைசின், ஜிசி என்று தொடங்கினால் அலனின். பட்டுப்புழுவின் ஃபைப்ராயின் மரபணுவில் இந்த இரண்டும் மாறி மாறி வருவதால்தான் உங்கள் குச்சியில் சுற்றிய இழையிலும் மாறி மாறி வந்தன. உத்தரவை ஆர்என்ஏ நகல் எடுத்துப் போக, செல்லுக்குள் இருக்கும் ரைபோசோம் என்ற புரத ஆலை சரம் கட்டுகிறது. அந்த ரைபோசோமின் வடிவத்தை அணு அணுவாகக் காட்டியதற்காக 2009ல் வேதியியல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன்.

படி 7: இப்போது புத்தகம்

அறுகோணத்தில் தொடங்க வேண்டாம். பாடத்தில் ஒரு பெயர் வரும்போதெல்லாம் ஓரத்தில் பென்சிலால் உங்கள் பொருளை எழுதுங்கள். அமைலோஸ் என்றால் ஜவ்வரிசி, செல்லுலோஸ் என்றால் பஞ்சு, இயல்பு திரிதல் என்றால் தோசைக்கல் முட்டை. அதன் பிறகு படத்தை வரையுங்கள். குளுக்கோஸை வரையும்போது முதல் கார்பனில் இருக்கும் ஓஹெச் கீழே நிற்கிறதா மேலே நிற்கிறதா என்பதில் விரலை வைத்துக்கொள்ளுங்கள். கீழே நின்றால் ஆல்பா, அது ஜவ்வரிசிப் பக்கம். மேலே நின்றால் பீட்டா, அது பஞ்சுப் பக்கம். வைட்டமின், ஹார்மோன் இவற்றை முதல் வாசிப்பில் மேலோட்டமாகப் பார்த்தால் போதும்.

தட்டைக் கழுவும் முன் ஒன்று. அயோடின் பட்ட மாங்காய், கிழங்குத் துண்டுகளைப் பழக்கத்தில் மாட்டுக் கழுநீர்த் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். குழியில் போட்டு மண்ணைத் தள்ளுங்கள். ஸ்பிரிட் கலந்த வாழைப்பழக் கரைசலை நிறையத் தண்ணீர் விட்டு ஊற்றிவிடலாம். மீந்த பட்டு இழையை ஒரு காகிதத்தில் ஒட்டி, பாடப்புத்தகத்தில் புரதம் தொடங்கும் பக்கத்தில் வையுங்கள்.